அடித்தல் திருத்தல் உண்டு

நீடாமங்கலம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை நிழலில் மேசை போட்டுப்
பதினாறு வருஷமாக
மற்றவர்களின் ‘நான்’ எழுதுகிறேன்.

‘பிறர் தூண்டுதல் இன்றி, என் முழு மனச் சம்மதத்துடன்’
என்று ஒருவருக்கு எழுதினேன்.
அவர் துண்டால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தார்.
தூண்டியவர் பக்கத்தில் நின்று
நன்னாரி சர்பத் குடித்தார்.
பத்திரத்தில் பிழை ஒன்றுமில்லை.

இந்தப் புரட்டாசியில் நோட்டு ஒன்று வாங்கினேன்,
கோடு போடாதது.
எனக்கென்று எழுத.
முதல் வரி இப்படி வந்தது:
‘மன்னார்குடி வட்டம், மேலநத்தம் கிராமத்தில் வசிக்கும்
காலஞ்சென்ற கலியமூர்த்தி குமாரத்தி
செங்கமலம் ஆகிய நான்’

ஆகிய நான்,
ஆகிய நான்.
அங்கேயே பேனா நின்றது.
விற்க ஒன்றும் இல்லாதவள்
அதற்குமேல் என்ன எழுதுவது?

கிழித்தேன்.
அடுத்த நாள் வாரப் பத்திரிகைக் கதை மாதிரி
‘அந்திவானம் குங்குமம் குழைத்தது’ என்றேன்.
அன்றைக்கு எங்கள் ஊர் வானம்
கரி பிடித்த அலுமினியக் குண்டானாக இருந்தது.
குங்குமத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்:
முந்நூறு கை மாறியிருக்கிறது.
மூலப்பத்திரம் யாரிடமும் இல்லை.

பக்கத்து மேசை அமலதாஸ் வாங்கிப் படித்தார்.
‘நல்லாருக்குங்க’ என்றார்,
பாகப்பிரிவினைக்குச் சொல்கிற அதே குரலில்.
அதையும் கிழித்தேன்.
நோட்டு மெலிந்துகொண்டே வந்தது.

ஒருநாள் சாயங்காலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம்.
எங்கள் ஊர் கேட்டைப் பற்றித் தெரிந்தவர்கள்
சாப்பாடு கட்டிக்கொண்டு வருவார்கள்.
கூட்ஸ் வண்டி முன்னே போனது, பின்னே வந்தது,
இன்ஜினைக் கழற்றி மாட்டினார்கள்.
பஸ்ஸுக்குள் வேர்க்கடலை விற்றுத் தீர்ந்துவிட்டது.

பின் ஸீட்டில் ஒரு பெண் போனில்:
‘ஈரப்பதம் இருவதுன்னு தள்ளிட்டான் மாமா.
ஒன்பது நாளா ரோட்டுலதான் கெடக்கு.
மொளச்சிடுச்சு.
நெல்லு சிரிக்குது மாமா, என்னப் பாத்து சிரிக்குது.’

நோட்டை எடுத்தேன்.
அவள் வார்த்தையை அப்படியே எழுதிவிட்டுப் பார்த்தேன்.
எவ்வளவு நன்றாக இருந்தது!
ஆனால் அது அவளுடைய அனுபோகம்,
நான் வேலி தாண்டி மேய்கிறேன்.

என்னுடையது என்ன என்றால்,
சொல்ல வெட்கம்.
அவள் விம்மியபோது என் மனசு கேட்டது இதுதான்:
அந்த நெல் விளைந்த வயலுக்கு
வடக்கே யார், தெற்கே எது, பட்டா யார் பேரில்?
அழுகை வரவில்லை எனக்கு.
நான்கெல்லை வந்தது.

அதை எழுதினேன்.
எழுதிய கை கூசியது, நிறுத்தவில்லை.
பிறகு அது தானாக ஓடியது:

எனக்கு வடக்கே, இன்னும் திறக்காத கேட்.
கிழக்கே, நான் எழுதிக்கொடுத்துப் போன நஞ்சைகள்,
அவற்றில் இரண்டில் இப்போது கல்யாண மண்டபம்.
தெற்கே வீடு. பூட்டியிருக்கும், சாவி என்னிடம்.
மேற்கே மூணாறு தலைப்பு,
தண்ணீர் விட்டால் ஓர் எல்லை, விடாவிட்டால் வேறு.
அளந்தவர் இல்லை.

என் பத்திரங்களின் கடைசியில்
‘அடித்தல் திருத்தல் இல்லை’ என்று முடிப்பேன்.
இதில் உண்டு.
மூன்றாம் வரியில் ‘துக்கம்’ அடித்து ‘எரிச்சல்’ எழுதியது சரி.
ஏழாம் வரியில் அப்பாவைப் பற்றி இருந்ததை
அடித்தது சரியா, தெரியவில்லை.
பதினோராம் வரியில் கேட் திறந்து பஸ் குலுங்கியதால்
‘நான்’ மேலே ஏறி
ஓரத்தில் போய் நிற்கிறது.
அதைத் திருத்தவில்லை.

வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்,
பழக்க தோஷத்தில் கீழே
சாட்சிகளுக்கு இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.